பிள்ளைக்கு மனநல மாத்திரை: கொடுக்கலாமா, வேண்டாமா?

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியரான நம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகளோட மனநலம் பத்திப் பேசச் சொன்னாங்க. பேர் போடாம சந்தேகத்தைச் சீட்டுல எழுதிப் போடச் சொல்லியிருந்தோம். வந்த சீட்டைப் பிரிச்சுப் பார்த்தா, வேற வேற கையெழுத்துல ஒரே கேள்வி. "பையனுக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார். பக்கவிளைவு வரும்னு சொல்றாங்க. கொடுக்கலாமா?" ஒரு சீட்டுல, "மாத்திரையை வாங்கி மூணு வாரம் ஆச்சு. அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன். இன்னும் கொடுக்கல" என்று எழுதியிருந்தது. அதனால இன்னைக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசறேன்.

"கொடுங்க" என்றோ "கொடுக்காதீங்க" என்றோ இந்த மேடையில நின்னு நான் சொல்ல மாட்டேன். உங்க பிள்ளையைப் பார்க்காம யாருமே அப்படிச் சொல்லக் கூடாது. எப்படி முடிவு எடுக்கறதுன்னு சொல்றேன். அது நமக்குப் புதுசு இல்ல. குழுவுல ஒருத்தர் உள்கடன் கேட்டா என்ன கேக்கறோம்? எதுக்கு, எவ்வளவு, என்ன ஆதாயம், நஷ்டம் வந்தா என்ன செய்யறது, எப்போ திரும்பக் கணக்குப் பார்க்கறது. இதே கேள்விகளைத்தான் மாத்திரை விஷயத்துலயும் கேக்கணும்.

வியாதிதானா என்று முதலில் பாருங்க

ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்றதை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு இடத்துல உட்கார மாட்டான், ஒரு வேலையை முடிக்க மாட்டான், யோசிக்காம ரோட்டுல ஓடுவான். ஆனா துறுதுறுன்னு இருக்கற பிள்ளைக்கெல்லாம் இந்தப் பேர் வைக்கக் கூடாது. இந்தத் தொந்தரவு 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். குறைஞ்சது 6 மாசமாவது இருக்கணும். வீட்டுல மட்டும், இல்ல பள்ளிக்கூடத்துல மட்டும் இருந்தா போதாது, ரெண்டு இடத்துலயாவது இருக்கணும். அவனோட படிப்பையோ பழக்கத்தையோ அது கெடுக்கணும். இதை ரத்தப் பரிசோதனையிலயோ ஸ்கேன்லயோ கண்டுபிடிக்க முடியாது. பெத்தவங்ககிட்டயும் டீச்சர்கிட்டயும் விசாரிச்சு, பிள்ளையைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும். அஞ்சே நிமிஷத்துல பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தாங்கன்னா, "இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிக்கறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

காது சரியா கேக்காத பிள்ளையும் கவனிக்காத மாதிரிதான் தெரியும். போர்டு தெரியாத பிள்ளையும் அப்படித்தான். ராத்திரி 12 மணி வரைக்கும் செல்போன் பார்க்கற பிள்ளை, அப்பா தினம் குடிச்சிட்டு வந்து சண்டை போடற வீட்டுப் பிள்ளை, கொஞ்ச நேரம் வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கற மாதிரி வலிப்பு வர்ற பிள்ளை, இவங்களுக்கெல்லாம் வேற வைத்தியம். இதையெல்லாம் பார்த்தாச்சான்னு முதல்ல கேளுங்க. 6 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைன்னா, முதல்ல மாத்திரை இல்ல; பெத்தவங்களுக்குப் பிள்ளையை நடத்தற விதத்தைச் சொல்லிக்கொடுக்கற பயிற்சிதான் முதல் வைத்தியம்.

மாத்திரை என்ன செய்யும், என்ன கெடுக்கும்?

ஏ.டி.எச்.டி.க்கு அதிகமா எழுதற மருந்து மெத்தில்ஃபெனிடேட். இது தூங்க வைக்கற மருந்து இல்ல. நாம ஒரு வேலையில நின்னு கவனிக்கறதுக்கும், கையைக் காலை அடக்கிக்கறதுக்கும் மூளையில சில ரசாயனங்கள் வேலை செய்யுது. அதை இது கொஞ்சம் கூட்டிக்கொடுக்குது. புது மருந்தும் இல்ல, 1950-களில் இருந்து கடைக்கு வந்துகிட்டிருக்கு. சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை செய்ய ஆரம்பிக்கும், ஏறத்தாழ 4 மணி நேரத்துல அடங்கிடும். நாள் முழுக்க நிக்கற மாத்திரையும் இருக்கு.

பக்கவிளைவை மறைக்காம சொல்றேன். பசி குறையும், இதுதான் அதிகம் வர்றது. ராத்திரி தூக்கம் தள்ளிப் போகும். தலைவலி, வயித்துவலி வரலாம். சில பிள்ளைங்க எரிச்சலா, இல்லன்னா அழுமூஞ்சியா ஆயிடுவாங்க. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம். வருஷக்கணக்கா விடாம சாப்பிட்ட பிள்ளைங்க சராசரியா 2 சென்டிமீட்டர் அளவு உயரம் குறைஞ்சிருந்ததா ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு.

இதுல பலதுக்கு நம்ம கையிலயே வழி இருக்கு. காலையில வயிறு நிறையச் சாப்பிட வச்சிட்டு மாத்திரை கொடுங்க. மத்தியானம் சாப்பாடு பாதி திரும்பி வரும், திட்டாதீங்க. சாயந்திரம் மருந்து அடங்கினதும் பசிக்கும், அப்போ முட்டை, சுண்டல், வேர்க்கடலைன்னு சத்தா கொடுங்க. டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு, சாயந்திரத்துல மாத்திரை கொடுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்க. குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ, பிள்ளைக்கு இதயக் கோளாறு இருந்தாலோ, மயக்கம் போட்டு விழுந்திருந்தாலோ மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. இந்த மருந்தைச் சீட்டு இல்லாம எந்தக் கடையிலயும் கொடுக்கக் கூடாது. எல்லாக் கடையிலயும் இருக்காது. அதனால தீர்ந்த அன்னைக்கு அலையாம ஒரு வாரம் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கு

மாத்திரைக்குப் பக்கவிளைவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். கொடுக்காம விட்டாலும் விளைவு இருக்கு, அதை யாரும் நோட்டுல எழுதறதில்ல. மூணாம் வகுப்புல கடைசி பெஞ்சுக்குப் போறான். அஞ்சாம் வகுப்புல தினமும் திட்டும் அடியும். எட்டாம் வகுப்பு வர்றதுக்குள்ள "நான் மக்கு, நான் கெட்டவன்" என்று அவனே நம்பிடறான். ரோட்டுல அடிபடறது, மரத்துல இருந்து விழறது, படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போறது இதெல்லாம் இந்தப் பிள்ளைங்களுக்கு மத்தவங்களைவிட அதிகம். பக்கவிளைவுன்னு ஒரு பக்கத்தை எழுதினா, இதை எதிர்ப்பக்கத்துல எழுதணும். ரெண்டையும் எழுதினாத்தான் கணக்கு.

அதே மாதிரி ஆதாயத்தையும் கூட்டிச் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனிச்ச ஒரு பெரிய ஆராய்ச்சி 1999-இல் வெளிவந்தது. கவனமா அளவு பார்த்து மாத்திரை கொடுத்த பிள்ளைங்க, பயிற்சி மட்டும் கொடுத்த பிள்ளைங்களைவிட நல்லா அடங்கினாங்க. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தவங்களுக்குக் குறைஞ்ச அளவு மாத்திரையே போதுமா இருந்தது. ஆனா மூணு வருஷம் ஆனதும் பார்த்தா, இந்தக் குழுக்களுக்கு நடுவுல இருந்த வித்தியாசம் மறைஞ்சு போயிருந்தது. இதுக்கு என்ன அர்த்தம்? ஆரம்பத்துல கிடைக்கற உதவி உண்மை. அதுக்காக ஒரு தடவை ஆரம்பிச்சதைக் கேள்வி கேக்காம வருஷக்கணக்கா ஓட்டக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது "இன்னும் தேவையா?" என்று டாக்டரோட உட்கார்ந்து பார்க்கணும்.

ஒரு மாசம் பார்த்துட்டுச் சொல்லுங்க

நான் வேலை பார்த்தப்போ ஒரு அம்மா நாற்பது பக்க நோட்டு ஒண்ணு கொண்டு வருவாங்க. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவங்க. நாலு கோடு போட்டு, மாத்திரை கொடுத்த நேரம், சாப்பாடு, தூக்கம், டீச்சர் சொன்னதுன்னு எழுதியிருப்பாங்க. ஒரு மாசக் கணக்கைப் பார்த்தா, பையன் மத்தியானம் சரியா சாப்பிடல, ஆனா வகுப்புல எழுதி முடிக்கறான். ரெண்டாவது மாத்திரையை லேட்டா கொடுத்த நாள்ல மட்டும் தூக்கம் வரல. டாக்டர் நேரத்தை மாத்திக் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு மாத்திரை தொடர்ந்தது.

இன்னொரு அம்மாவும் அதே மாதிரி எழுதினாங்க. அவங்க பிள்ளை அடங்கினான், ஆனா சிரிக்கவே இல்ல, சாயந்திரமானா அழுதான். அளவைக் குறைச்சுப் பார்த்தாங்க, அப்பவும் அப்படியே. அந்த மாத்திரையை டாக்டரே நிறுத்திட்டு வேற வழி பார்த்தார். ரெண்டு அம்மாவும் சரியான முடிவுதான் எடுத்தாங்க. ஒருத்தர் தொடர்ந்தாங்க, ஒருத்தர் நிறுத்தினாங்க, ரெண்டு பேர்கிட்டயும் கணக்கு இருந்துச்சு.

அதனால மாத்திரையை ஆரம்பிக்கறதுன்னா வாழ்நாள் முழுக்க எழுதிக் கொடுத்துட்டோம்னு நினைக்காதீங்க. இந்த மாத்திரை உதவுதா, உதவலையான்னு சில வாரத்துல தெரிஞ்சிடும். சின்ன அளவுல ஆரம்பிச்சு, பார்த்துப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டுச் செய்யணும், அவ்வளவுதான்.

காத்திருக்கக் கூடாத நேரம்

இதுவரைக்கும் சொன்னது யோசிக்க அவகாசம் இருக்கற விஷயம். ஒரு மாசம் தள்ளிப் போட்டாலும் குடி முழுகாது. எல்லா வியாதியும் அப்படி இல்ல.

பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணை நினைச்சுக்கோங்க. ரெண்டு மாசமா சரியா சாப்பிடல, தூங்கல. தலை வாரறது இல்ல, ஸ்நேகிதிகளோட பேசறது இல்ல. "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்று ஒரு நாள் சொல்றா. இது அடம் இல்ல, பரீட்சை பயம் மட்டும் இல்ல. கடுமையான மனச்சோர்வா இருக்கலாம். இங்கே "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சொல்ல முடியாது.

இதுக்கு பிள்ளைகளுக்கு முதல்ல யோசிக்கிற மாத்திரை ஃப்ளுவாக்ஸெட்டின். இதைப் பத்தி ஒரு எச்சரிக்கை இருக்கு, அது யாரோ சொல்லித் தப்புத்தப்பா உங்க காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 24 ஆராய்ச்சிகளை, 4,400-க்கும் அதிகமான பிள்ளைகளோட கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 2 பேருக்கு வந்தது. அந்த ஆராய்ச்சிகளில் ஒரு பிள்ளைகூட இறக்கவில்லை. ஆனாலும் மருந்தோட விவரக் குறிப்பிலேயே எச்சரிக்கை போட வைத்தார்கள்.

அதே 2004-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சி 12 முதல் 17 வயசு வரை 439 பிள்ளைகளை 12 வாரம் பார்த்தது. மாத்திரையும் பேச்சு வைத்தியமும் சேர்ந்து கிடைச்சவங்களில் 100-க்கு 71 பேர் தேறினாங்க. மாத்திரை மட்டும்னா 61, பேச்சு வைத்தியம் மட்டும்னா 43, வெறும் மாத்திரைன்னா 35.

இந்த ரெண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தா, எச்சரிக்கை "கொடுக்காதே" என்று சொல்லல. "கொடுத்துட்டுக் கண்ணை எடுக்காதே" என்று சொல்லுது. ஆரம்பிச்ச முதல் சில வாரமும், அளவு மாத்தற நேரமும் ரொம்ப முக்கியம். பிள்ளை திடீர்னு பரபரப்பா ஆனாலோ, தூக்கமே இல்லாம போனாலோ, பேச்சு மாறினாலோ அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராவே கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, வராது. கேக்கறதுதான் அவளுக்குப் பாரம் இறங்கற வழி. மாத்திரை அட்டையை நீங்களே வச்சுக்கிட்டு, தினம் உங்க கையால கொடுங்க. வீட்டுல, கொல்லையில இருக்கற பூச்சிமருந்து, எலிமருந்தை எடுத்து அப்புறப்படுத்துங்க. இதை மாத்திரை கொடுத்தாலும் செய்யணும், கொடுக்காட்டியும் செய்யணும்.

பலன் தெரிய 4 வாரமோ 6 வாரமோ ஆகலாம். தேறிட்டான்னு பாதியில திடீர்னு நிறுத்தினா வியாதி திரும்பலாம். நிறுத்தறதுன்னா டாக்டர் சொல்றபடி, கொஞ்சம் கொஞ்சமா.

"மாத்திரை சாப்பிட்டது தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் எப்படி?" என்று கேப்பாங்க. பையனுக்கு இந்தக் கேள்வி வர்றதில்ல, பொண்ணுக்குத்தான் வரும். அவ உயிரோட, தெம்போட இருந்தாத்தானே மத்ததெல்லாம். ஊருக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆஸ்பத்திரியிலயும் வெளியில சொல்லக் கூடாது, அது சட்டம்.

ஆட்டிசம் இருக்கற பிள்ளைகளோட அம்மாக்களும் இங்க இருக்கீங்க. ஆட்டிசத்தைக் குணமாக்கற மாத்திரை கிடையாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்டா நம்பாதீங்க. தன் தலையை முட்டிக்கறது, கடிச்சுக்கறது மாதிரி கடுமையா இருந்தா, அதைத் தணிக்க ரிஸ்பெரிடோன் கொடுப்பாங்க. இதுல எடை வேகமா கூடும், தூக்கம் வரும், சர்க்கரை, கொழுப்பு ஏறலாம், பொண்ணுங்களுக்கு மாதவிலக்கு நிக்கலாம், கை கால் விறைக்கலாம். அதனால ஆரம்பிக்கும்போதும் பிறகும் எடையும் ரத்தமும் பார்க்கணும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இதை மலர்லயும் போடச் சொல்லியிருக்கேன், கிழிச்சு வச்சுக்கோங்க.

1. என் பிள்ளைக்கு என்ன பிரச்சினை? வேற காரணம் இல்லைன்னு எப்படித் தெரியும்?
2. இந்த மாத்திரை எதைச் சரி பண்ணும், எதைச் சரி பண்ணாது?
3. எத்தனை நாள்ல பலன் தெரியும்?
4. சாதாரணமா வர்ற பக்கவிளைவு என்ன? எது வந்தா உடனே ஓடி வரணும்?
5. என்னென்ன பரிசோதனை, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?
6. மாத்திரையோட சேர்த்து வேற என்ன செய்யணும்? மாத்திரை இல்லாம ஆரம்பிக்கலாமா?
7. ஒரு வேளை மறந்தா என்ன செய்யறது? எப்போ, எப்படி நிறுத்தறது?

இதைக் கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரோன்னு தயங்காதீங்க. கேக்கறது உங்க உரிமை. பதிலைப் பிள்ளைக்கும் புரியற மாதிரி சொல்லுங்க. "சத்து மாத்திரை" என்று பொய் சொல்லிக் கொடுக்காதீங்க. ஒரு நாள் தெரிஞ்சிடும், அப்புறம் எதையும் நம்ப மாட்டாங்க. பத்து வயசுப் பிள்ளைக்கே தன் உடம்புல என்ன மாறுதுன்னு சொல்லத் தெரியும். அதையும் நோட்டுல எழுதுங்க.

செய்யக் கூடாதது மூணு. ஒரு பிள்ளைக்கு எழுதினதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, அண்ணன் தம்பியா இருந்தாலும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில தானா வாங்கக் கூடாது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போறோம்னு மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாமி கும்பிடுங்க, நானும் கும்பிடறேன். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோட மருத்துவமும் சேர்த்துக் கொடுக்கற ஏற்பாட்டை அரசு செய்திருக்கு.

எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில்தான் தொடங்கியது. இப்போ எல்லா மாவட்டத்திலும் இருக்கு. மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வர்ற மருத்துவக் குழுகிட்டயும் சொல்லலாம். அவங்க மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. ராத்திரி பகல் எந்நேரமும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் போன் பண்ணலாம். 2022 அக்டோபரில் தொடங்கினது, தமிழில் பேசுவாங்க, காசு கிடையாது. 104-க்கும் பேசலாம்.

கடைசியா நம்ம குழுக்களுக்கு. இந்த விஷயத்துல தாய்க்கு ரெண்டு பக்கமும் அடி. மாத்திரை கொடுத்தா, "பெத்தவளே பிள்ளையை மந்தமாக்கறா" என்று மாமியார் வீட்டுல பேச்சு. கொடுக்காட்டி, "ஏம்மா வைத்தியம் பார்க்கல?" என்று பள்ளிக்கூடத்துல பேச்சு. முடிவு எடுக்கறப்போ புருஷன் பக்கத்துல இருக்க மாட்டார், தப்பாப் போனா எல்லாரும் இருப்பாங்க. அதனால ஒரு உறுப்பினர் இதைச் சொன்னா, "எங்க அத்தை பையன் இதைச் சாப்பிட்டு இப்படி ஆயிட்டான்" என்று ஆரம்பிக்காதீங்க. "எப்போ ஆஸ்பத்திரிக்குப் போறே? நானும் வர்றேன்" என்று கேளுங்க. அன்னைக்கு அவளோட சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கோங்க. பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் குழுவுல இருந்து உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்க. காரணம்னு "மருத்துவச் செலவு" என்று எழுதினா போதும். குழுவுல பேசினது குழுவைத் தாண்டக் கூடாது.

சீட்டு எழுதின தாய்மார்களே, நீங்க பயந்ததுல தப்பே இல்ல. பயம் இருக்கறவங்கதான் கவனமா பார்ப்பாங்க. ஆனா முடிவு எடுக்காம வச்சிருக்கறதும் ஒரு முடிவுதான், அதுக்கும் நாள் ஓடிக்கிட்டே இருக்கு. இந்த வாரமே அந்த ஏழு கேள்வியை எடுத்துக்கிட்டு டாக்டரைப் போய்ப் பாருங்க. கேட்டுட்டு வேண்டாம்னு முடிவு பண்ணினாலும் சரி, கொடுக்கலாம்னு முடிவு பண்ணினாலும் சரி, நோட்டு ஒண்ணு போடுங்க. துணைக்கு ஆள் வேணும்னா என்கிட்ட வந்து சொல்லுங்க, நானும் வர்றேன்.